மாற்ற முடியாத முறை

கிளிஞ்சல்மேட்டில் கரைவலை இழுத்த காலத்தில், எந்த வீட்டார் எந்த நாளில் வலை விடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். கஷ்டப்படுகிற வீட்டுக்கு முறையை மாற்றிக் கொடுக்கலாம். சொக்கநாதன் ஒருதடவை, மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தவித்த பங்காளிக்குத் தன் முறையைக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து வலை கொள்ளாமல் பாறை மீன் விழுந்தது. மனைவி அன்னபூரணி இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோ தனக்கே கிடைத்ததுபோல மீன் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார். அப்போது ஏழு வயதாயிருந்த மகள் பாரதிப்ரியாவுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அவருக்கு அறுபத்தொன்று. கணையத்தில் புற்றுநோய். கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருப்பதால் அறுத்தெடுக்க முடியாது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இந்த நோய்க்கான சிகிச்சை ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும். மீதிப் பேருக்கு மருந்தோடு, கட்டியை மட்டும் குறிவைத்து ஐந்து நாள் கதிர்வீச்சு. யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும். வீட்டின் முதல் பட்டதாரியான பாரதிப்ரியா படிவத்தைப் படித்து, "நம்ம ஊருல சீட்டுக் குலுக்குற மாதிரிதாம்ப்பா" என்று விளக்கினாள்.

அவருக்குக் கதிர்வீச்சு விழுந்தது. அதே நோயோடு அதே ஆய்வில் சேர்ந்திருந்த தையல்நாயகிக்கு மருந்து மட்டும். திருநள்ளாற்றில் லாட்ஜில் வேலை பார்க்கிறவள், முப்பத்தெட்டு வயது.

முதல் நாள் கதிர்வீச்சுக்குக் கூப்பிட்டபோது சொக்கநாதன் எழுந்திருக்கவில்லை. மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருந்த தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, என் முறைய இந்தப் பொண்ணுக்கு மாத்தி வுடுங்க. ரெண்டு புள்ளைய வச்சிருக்கு."

"மாத்த முடியாதுங்க," என்றார் டாக்டர். "ஆளுக்கு ஆள் மாத்திக்கிட்டா எது பலன் தருதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. வேணாம்னா நீங்க விலகிக்கலாம். ஆனா உங்க இடம் அவங்களுக்குப் போவாது."

அவர் மகளைப் பார்த்தார். "நீதானம்மா சீட்டுன்ன?"

பாரதிப்ரியா தான் படித்த படிவத்தை மனத்துக்குள் புரட்டினாள். தப்பாக விளக்கினாளா, அல்லது தனக்குப் புரிந்த பாதியை மட்டும் விளக்கினாளா?

"ஏன்ண்ணே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் தையல்நாயகி. "உங்களுக்கு மெஷினப் பாத்துப் பயம். அதான் என் தலையில கட்டப் பாக்குறீங்க. போயி படுங்க."

"பயந்தான் தாயி," என்று சிரித்தபடி அவர் உள்ளே போனார்.

கதவு மூடியது. 'மாத்த முடியாதுங்க' என்று டாக்டர் சொன்னதும் தனக்குள் எழுந்த நிம்மதியை நினைக்கப் பாரதிப்ரியாவுக்குக் கூசியது. தையல்நாயகியின் முகத்தைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள்.

தையல்நாயகி பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு. வர நேரமாவும்."