செல்வி பிரிச்ச கட்டு

என் தங்கச்சி செந்தமிழ்ச்செல்விய பத்தி ஊர்ல யார கேட்டாலும் ஒரே பேச்சுதான் பேசுவாங்க: "அண்ணன் கால தின்னவ." வடக்கனந்தலுக்கு மேற்கால, கல்வராயன் மலையடிவாரத்துல இருக்கு எங்க ஊரு. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல இதையே சொல்லிக்கினு இருக்காங்க. அந்த அண்ணன் இளஞ்செழியன் நான்தான். எனக்கு இடது கால் முழங்காலுக்கு மேலயே முடிஞ்சிபோச்சி. சொல்றவன் வாய் அழுவிப் போவன்னு எனக்கும் ஆத்திரம் பொத்துக்கினு வரும். ஆனா திட்டறதுக்கு எனக்கு யோக்கியத இருக்கான்னு கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அது 1987. செல்வி கடலூர்ல நர்சு படிப்பு, கடைசி வருசம். எங்க தெருவுல பத்தாவத தாண்டின மொத பொண்ணு அவ. எங்கப்பா அவ சின்னதா இருக்கசொல்லவே செத்துட்டாரு. அம்மா கொளஞ்சியம்மாளும் நானும் நெலத்துல பாடுபட்டுப் படிக்க வெச்சோம். பரிட்சைக்குப் படிக்க லீவு உட்டிருந்தாங்க, நோட்டு மூட்டையோட வூட்டுக்கு வந்துட்டா.

அப்ப மல்லாட்ட, அதான் வேர்க்கடல, புடுங்குற நேரம். செடிய குவிச்சிப் போட்டுக்கினு காய் ஆயுவோம். நான் நோட்ட பாத்து கேள்வி கேக்கணும், அவ ஒப்பிக்கணும். நான் பத்தாவதுல ஃபெயில். இங்கிலீசு எழுத்த ஒண்ணொண்ணா கூட்டித்தான் படிப்பேன். "எருமை கூட உன்ன விட வேகமா படிக்கும்ணா"ன்னு சிரிப்பா.

"எலும்பு ஒடஞ்சா மொதல்ல இன்னா பண்ணணும்?"

"ஆடாம அசையாம வெச்சி கட்டணும்."

"கட்டிட்டு?"

"வெரலப் பாக்கணும். கட்டு இறுகிச்சின்னா வலி தாங்காது, வெரல் வெளுக்கும், மரத்துப் போவும், நாடி கெடைக்காது, அசைக்க முடியாது. ஒடனே அவுக்கணும்."

"அஞ்சும் வந்த பின்னாலயா?"

"அஞ்சும் வர்ற வரைக்கும் குந்தியிருந்தா அவ நர்சு இல்ல, வேடிக்க பாக்க வந்தவ." அவங்க டீச்சரம்மா சொல்றதாம் அது. சொல்லும்போது அந்தம்மா மாதிரியே மூக்கச் சுருக்கிக் காட்டுவா.

அந்த செப்டம்பர்லதான் எங்க ஜனங்களுக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்துச்சி. ரோட்டுல ஒரு வண்டி ஓடக்கூடாதுன்னு பேச்சு. "உனக்குப் பின்னால நம்ம தெருவுல இன்னும் பத்து பொண்ணு படிக்கணும் செல்வி, அதுக்குத்தான்"னு வீறாப்பா கோடாலிய தோள்ல போட்டுக்கினு போனேன். மொத நாள் காலையிலயே கள்ளக்குறிச்சி ரோட்டுல ஒரு கெழட்டுப் புளியமரத்த வெட்டுனோம். அது எந்தப் பக்கம் சாயும்னு நான் போட்ட கணக்கு தப்பிப்போச்சி. ஒரு பெரிய கெள என் கால் மேல வுழுந்துச்சி. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் ஒடஞ்சிடுச்சி.

செல்வி ஓடியாந்தா. அழுவல, கத்தல. ரெண்டு மூங்கில் குச்சிய வெச்சி, அம்மா பொடவைய கிழிச்சி, அசையாம கட்டுனா. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க"ன்னா. எப்பிடித் தூக்குறது? கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோடு பூரா மரம் கெடக்குது. எல்லாம் நாங்களே வெட்டிப் போட்டது. தாண்டிப் போனாலும், மரம் வெட்டுனவன்னு ஆஸ்பத்திரியிலயே போலீசு புடிச்சிக்கும்னு பயம் வேற.

அதனால இருசப்பன கூப்ட்டாங்க. சுத்துப்பட்டுல ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனுசனுக்கும் எலும்பு கட்டறவரு அவரு. கெட்ட ஆளுன்னு சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர நடக்க வெச்சிருக்காரு. செல்வி கட்டுன கட்ட அவுத்துப் போட்டுட்டு, முட்ட வெள்ளையும் உளுத்தம் மாவும் பூசி, மூங்கில் தப்பைய சுத்தி வெச்சி, பல்லக் கடிச்சிக்கினு இழுத்துக் கட்டுனாரு. "மூணாம் நாள் வந்து நானே பிரிக்கறேன், அதுக்குள்ள எவனும் தொடக்கூடாது"ன்னாரு. எங்க பக்கம் அதுதான் வழக்கம். கட்டுனவன் கையாலதான் கட்டு பிரியணும், வேற கை பட்டா எலும்பு சேராது.

மறுநாள் காலையில போலீசு ஊருக்குள்ள எறங்கிடுச்சி. ஆம்பளைங்க அத்தன பேரும் மலைக்கு ஓடிட்டாங்க, இருசப்பனுந்தான். என்ன மாட்டுக் கொட்டாயில வைக்கப்போருக்குப் பின்னால படுக்க வெச்சாங்க. அய்யோ, அந்த வலிய எப்பிடிச் சொல்லுவேன்! துணிய வாயில அடச்சிக்கினு கெடந்தேன். செல்வி என் கட்ட வெரல் நகத்த அழுத்திப் பாத்தா. அழுத்தின எடம் வெள்ளையாவே நின்னுச்சி, ரத்தம் திரும்ப வர்ல. எழுந்து போயி கத்தரிக்கோல் எடுத்துக்கினு வந்தா.

"ண்ணா, நான் பிரிச்சிடறேன். இறுகிப்போச்சி. கெஞ்சிக் கேக்குறேன்."

அம்மா குறுக்க வுழுந்துச்சி. "அவரு வர்ற வரைக்கும் பொறுடி பாவி! உன் படிப்ப அவன் கால்லயா காட்டப்போற?"

செல்வி என் மூஞ்சியத்தான் பாத்தா. நான் சொன்ன வார்த்த இதுதான்: "தொட்டியானா நீ என் கூடப் பொறந்தவளே இல்ல." நோட்ட வெச்சிக்கினு கேள்வி கேட்ட அதே வாய்தாங்க. எனக்கும் பதில் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். எலும்பு சேரலன்னா ஏர் புடிக்க முடியாதேன்னு பயம், வேற ஒண்ணும் இல்ல. அவ கத்தரிக்கோல மடியில வெச்சிக்கினு பொழுதுக்கும் என் காலண்டயே குந்தியிருந்தா.

மூணாம் நாள் விடியும்போது வலி போயிடுச்சி. எனக்கு ஒரே சந்தோசம். "எம்மா, வலி இல்லம்மா, கூடிக்கிச்சி போலருக்கு"ன்னேன். அம்மா கற்பூரம் கொளுத்தி மலையப் பாத்து கும்புட்டுச்சி. செல்வி மட்டும் உள்ளங்கால்ல நகத்தால கீறுனா. எங்க கீறுனான்னே எனக்குத் தெரியல. "அய்யோ அண்ணா"ன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க. அப்புறம் யாரையும் கேக்கல, கட்ட வெட்டிப் பிரிச்சிப் போட்டா. உள்ள கணுக்கால் வரைக்கும் கருத்துக் கெடந்துச்சி.

கெழவனுங்களும் பொம்பளைங்களுமா கயித்துக் கட்டில்ல வெச்சி வயக்காட்டு வழியாவே தூக்கிக்கினு போனாங்க. கள்ளக்குறிச்சியில முடியாதுன்னு அனுப்பிட்டாங்க, கடைசியா பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள விஷம் மேல ஏறிடுச்சி, தொடையோட எடுத்துட்டாங்க. "மறுநாளே அவுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே"ன்னு டாக்டர் கேட்டாரு. செல்வி செவுத்தப் பாத்துக்கினு நின்னா.

மலையிலேருந்து எறங்குன இருசப்பன், "என் கட்ட எவ பிரிச்சது? ஒரு பொழுது பொறுத்திருந்தா சேந்திருக்கும்"னு ஊருக்கே கேக்கச் சத்தம் போட்டாரு. பாக்க வந்தவங்க எங்கிட்ட கேட்டாங்க, "செல்வியா பிரிச்சா?" நான் "ஆமா"ன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லல. மறுநாளே கெஞ்சினா, நான்தான் தடுத்தேன்னு சொல்லியிருக்கலாம். இருபத்திநாலு வயசுல கால் போனவனுக்கு யார் மேலயாவது கோவப்படணும் போல இருந்துச்சி. என்னா ஈனப் புத்தி பாருங்க!

பரிட்சைக்குப் போனா. இறுகுன கட்டோட அடையாளத்தையும், செய்ய வேண்டியதையும் எழுதுன்னு ஒரு கேள்வி வந்துச்சாம். கேள்வி நம்பர மட்டும் போட்டுட்டு, மணி அடிக்கிற வரைக்கும் அப்பிடியே குந்தியிருந்தாளாம். கூடப் படிச்ச பொண்ணு வந்து சொல்லி அழுதுச்சி. ஃபெயிலாயிட்டா. அடுத்த தடவ பரிட்சைக்குப் பணம் கட்டிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துட்டா. அதோட சரி.

ரெண்டு வருசத்துல ஒதுக்கீடும் வந்துச்சி. எங்க தெருவுலயே மூணு பொண்ணுங்க நர்சாயிட்டாங்க. வெள்ள சட்டையோட அதுங்க பஸ்ஸுக்குப் போவும்போது இவ கள வெட்டிக்கினு நிமிந்து பாப்பா. அண்ணன் கால தின்னவள எவன் கட்டிக்குவான்? அம்மாவுக்கு அப்புறம் எனக்குக் குளிக்கத் தண்ணி வெக்கிறதும் கட்ட காலு மாட்டி உடறதும் அவதான். அவளுக்கும் தல நரச்சிப்போச்சி.

போன மாசம் எனக்கு நெஞ்சு வலி வந்து பொழச்சேன். இனிமே தாங்காதுன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். "செல்வி, உன் மேல தப்பு இல்ல. நீ கெஞ்சின. நான்தான் தடுத்தேன். ஊரக் கூட்டிச் சொல்லிடறேன்."

அவ அரிசி களைஞ்சிக்கினு இருந்தா. கைய எடுக்கல. "நோயாளி வேணான்னுதான் சொல்லுவாங்கண்ணா. வலியில எதையாவது சொல்லுவாங்க. அவங்கள பேசித் திருப்பி அவுக்க வெக்கணும், அதுக்குத்தான நர்சு. நான் குந்தியிருந்தேன்."

"ஊர்ல சொல்றேன்டி."

"சொல்லி?"ன்னு கேட்டுட்டு கழுநீர மாட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டா. முப்பத்தஞ்சு வருசமா அவளுக்குக் குடுக்கணும்னு நான் வெச்சிருந்தது அந்த ஒரு வார்த்ததான். அதுவும் அவளுக்கு ஒதவல.