பாரிஸ் சுவர், எட்டு காப்பி

என் அக்காவின் கணவர் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர். கல்யாணப் படம், குழந்தைப் படம், கடற்கரையில் கைகோத்து ஓடிவரும் ஜோடிப் படம் எதையும் அவர் தொட்டதில்லை. முப்பத்தொரு வருஷமாக ஒரே அறை, ஒரே சுழல் நாற்காலி, ஒரே வெள்ளைத் திரை. சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் ஆணியில் கயிறு கட்டிய சீப்பு. பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். ஒல்லியானவர் போட்டுக்கொண்டால் பின்னால் துணிக் கிளிப் மாட்டிவிடுவார். குண்டானவருக்காக முதுகுப் பக்கம் தையலைப் பிரித்தே வைத்திருந்தார். படத்தில் முதுகு தெரியாது என்பதுதான் மாமாவின் தொழில் ரகசியம்.

"காது ரெண்டும் தெரியணும். தாடையை இறக்குங்க. சிரிக்காதீங்க."

வாழ்நாளில் அவர் அதிகம் பேசியது இவ்வளவுதான். தொழில் தொடங்கிய புதிதில், கழுத்தோரம் மெல்லிய நிழல் விழுந்த ஒரு படத்தை அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆள் வெளிநாட்டில் நடந்த தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் மாமாவின் கடைக்கு வந்து அழுதாராம். அன்றிலிருந்து நிழல் என்றால் மாமாவுக்கு ஜென்மப் பகை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "மச்சான், உன் இடது காதுல நிழல் விழுது, கொஞ்சம் தள்ளி உட்காரு" என்பார். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ரெண்டு நிமிஷத் தாமதத்துக்கே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். அதற்காக யார் வீட்டுச் சாப்பாட்டிலாவது கைக்கடிகாரத்தைப் பார்த்தேனா?

அக்கா அவரிடம் மாட்டியதும் இப்படித்தான். வேலைக்கு மனு போடப் படம் எடுக்கப் போனவளை, நிழல் விழுந்துவிட்டது என்று மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டார். நான்காவது தடவை அவளாகவே போனாள்.

தொலைபேசி அலுவலகத்தில் அக்கா ஓய்வு பெற்ற கையோடு இருவரும் ஐரோப்பா போனார்கள். பதினோரு நாள், ஐந்து நாடு, ஒரு பஸ், முப்பத்தெட்டுப் பேர். அக்காவுக்கு ஐரோப்பா ஆசை எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாடி வீட்டு டீச்சரிடமிருந்துதான். போன வருஷம் டீச்சர் போய்விட்டு வந்து, அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று மணி நேரம் படம் காட்டினார். கோபுரத்துக்கு முன்னால் டீச்சர், பாலத்துக்கு முன்னால் டீச்சர், படகுக்கு முன்னால் டீச்சர். கடைசியில், "உங்க வீட்டுக்காரரும் போட்டோகிராபர்தானே, நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் வருஷம் முழுக்க அக்காவைக் குடைந்தது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் என் வீட்டு நாற்காலில உட்கார்ந்து வாயைப் பொளக்கணும்டா" என்றாள், திரும்பி வந்த அன்று என்னிடம். "அது நடந்தாத்தான் என் மனசு ஆறும்."

"படம் எல்லாம் நல்லா வந்திருக்காக்கா?"

"எங்கே காட்டினாரு? வேலை முடியட்டும், முடியட்டும்ங்கிறாரு. என் போனை வெளியில எடுக்கவே விடலை. நான் பக்கத்துல இருக்கும்போது போன்ல எடுப்பியா, தொழிலுக்கே அவமானம்னுட்டாரு."

"உன்னை எங்கே நிக்க வெச்சு எடுத்தாரு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சுவரு பக்கமாத்தான். வெளிச்சம் அங்கதான் சரியா இருக்குன்னாரு. கோபுரமெல்லாம் ஓரத்துல வந்திருக்கும்."

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனால் மலையளவு ஆசையோடு நிற்கிறவளிடம் என்னவென்று சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நானும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. டீச்சர் நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். அதற்காக மட்டும் அவரை எனக்குப் பிடித்தது. அக்காவின் அலுவலகத் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா புதுப் புடவையில் வாயெல்லாம் பல்லாக நின்றாள். மாமா பென் டிரைவை டிவியில் செருகினார்.

முதல் படம் வந்தது. டிவி முழுக்க எட்டு அக்கா. மேலே நாலு, கீழே நாலு. பின்னணியில் தூய வெள்ளை. இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன.

ஏதோ தவறுதலாகக் கடைப் படம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

"பாரிஸ்" என்றார் மாமா.

அடுத்தது இன்னும் எட்டு அக்கா. "ரோம்."

"எதுக்கு எட்டு?" என்றாள் ஒரு தோழி.

"ஒரு செட்டுன்னா எட்டு" என்றார் மாமா. இதைக்கூடத் தெரியாமல் ஒருத்தி இருக்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையே?" என்றார் டீச்சர்.

"இருக்கக் கூடாது" என்றார் மாமா பெருமையாக. "ரொம்ப சிரமப்பட்டேன். அங்கெல்லாம் சுத்தமா ஒரு சுவரு கிடைக்கிறது குதிரைக் கொம்பா இருக்கு. எங்கே பார்த்தாலும் சிலை வெச்சிருக்கான், பூத்தொட்டி தொங்க விட்டிருக்கான். பாரிஸ்ல ஒரு பேங்க் கட்டடத்துக்குப் பின்னாடி போய்த்தான் இந்தச் சுவரைப் பிடிச்சேன்."

நான் குனிந்து என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன். சிரித்தால் அக்கா என்னைக் கொன்றுவிடுவாள்.

"பீசான்னு ஒரு ஊர்ல கோபுரம் சாஞ்சிருக்குமே, அங்கே போகலையா?" என்று டீச்சர் விடாமல் கேட்டார்.

"போனோமே. இதுதான்." இன்னும் எட்டு அக்கா. "இவ தலைகூட அங்கே கொஞ்சம் சாஞ்சுதான் இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல நிமிர்த்திட்டேன்."

"ஊரை மட்டும் தனியா எடுக்கலையா?"

"ஆள் இல்லாத போட்டோ எதுக்குங்க? யாருக்கு அப்ளிகேஷன் போடப் போறோம்?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. புரையேறியது போல இருமிக்கொண்டே சமையலறைக்கு ஓடினேன். அங்கிருந்தே டீச்சரின் குரல் கேட்டது. குரலில் அவ்வளவு கருணை. "இதுக்கு அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம மொட்டை மாடியிலயே எடுத்திருக்கலாமே. அங்கேயும் வெள்ளைதானே அடிச்சிருக்கு."

திரும்பி வந்தபோது அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு வருஷம் காத்திருந்த நாலு மணி இது. மாமாவோ ஒன்றும் புரியாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே தூக்கிக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று இருந்தது எனக்கு.

அக்கா எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக டிவி பக்கம் போனாள்.

"மொதப் படத்துக்குப் போங்க" என்றாள் மாமாவிடம். எட்டு அக்கா மறுபடி வந்தார்கள். "இதுல உதட்டைக் கடிச்சிட்டு நிக்கிறேன் பாருங்க. ஏன் தெரியுமா? எதிர்ல ஒரு பெரிய மனுஷர், கோட்டு சூட்டு, கையில ஐஸ்கிரீம். ஒரு நக்கு அவரு நக்குறாரு, அடுத்த நக்கு அவரோட நாய்க்கு. மறுபடி அவரு. அந்த நாய் முறை தவறாம உட்கார்ந்திருக்கு. நான் சிரிக்கக் கூடாதாம்!"

தோழிகள் சிரித்துவிட்டார்கள்.

"இப்ப வெனிஸுக்குப் போங்க. கண்ணு ஒரு பக்கமா போகுதா? வாய்க்கால்ல ஒரு படகு வந்துச்சு, அதுல ஃப்ரிட்ஜை நிக்க வெச்சுக் கட்டியிருக்கான். எதிர்ல இன்னொரு படகு. வழி விடுன்னு இவன், நீ விடுன்னு அவன். நம்ம பஸ் டிப்போ வாசல் தோத்துது. இவரு 'நேரா பாரு, நேரா பாரு'ங்கிறாரு. நான் எங்கே நேரா பார்க்கிறது?"

டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அக்கா அடுத்தடுத்து போய்க்கொண்டிருந்தாள். இந்தப் படத்தில் மூக்கு சுருங்கியிருப்பது பாலாடைக்கட்டிக் கடை வாசனையால். இதில் புருவம் ஏறியிருப்பது, பின்னாலும் முன்னாலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் கையை விட்டு சைக்கிள் ஓட்டியதால். மூன்று மணி நேரம் டீச்சர் காட்டிய படங்களில் எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. இந்த ஃப்ரிட்ஜ் படகை நான் பார்த்தேன் என்றே சத்தியம் செய்வேன்.

"அந்த நாயை நான் பார்க்கலையே" என்றார் டீச்சர் மெதுவாக. "பாரிஸ்ல நாங்க முழுசா ரெண்டு நாள் இருந்தோமே."

வாயைப் பிளக்கவில்லைதான். ஆனால் அக்காவுக்கு அது போதும் என்று அவள் கழுத்தைத் திருப்பிய விதத்தில் தெரிந்தது.

கடைசிப் படம் சுவிட்சர்லாந்து, ஏரிக்கரையில் ஒரு மாட்டுக் கொட்டகைச் சுவர். அதில் அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

"கண்ணுல தண்ணி இருந்தா பளபளக்கும்" என்றார் மாமா. "அஞ்சு தடவை எடுத்தேன். அப்பவும் நிக்கலை. தூசின்னா."

"தூசி இல்லை" என்றாள் அக்கா. தன் போனை எடுத்தாள். "இங்கே மட்டும் நான் ஒண்ணு எடுத்தேன். இவரு கேமராவுல என் தலையை மட்டும் பார்த்துட்டு இருக்கும்போது, இடுப்பு பக்கம் வெச்சு, இவருக்குத் தெரியாம. திட்டக் கூடாது."

போனிலிருந்து டிவிக்கு நான்தான் படத்தை அனுப்பினேன். நீல ஏரி. அதற்கப்பால் வானம் முட்ட வெள்ளை மலை. அதன் இடுப்பில் சிவப்பு ரயில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. நட்ட நடுவில், இதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு மாமா. வலது கண்ணைக் கேமராவில் வைத்து, இடது கண் மூடி, வாய் திறந்து, நாக்கு ஓரமாக வெளியே வந்து, ஒரு கையால் தாடையை இறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவி அருகே போனார். "கண்ணு மூடியிருக்கு. வாய் திறந்திருக்கு. தலை சாஞ்சிருக்கு" என்று பழக்க தோஷத்தில் எண்ணினார். "இது ரிஜெக்ட் ஆயிடும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. விரலை நீட்டி, திரையில் அந்த மலையைத் தொட்டார்.

"இது எங்கே இருந்துச்சு?"

"உங்களுக்குப் பின்னாடி" என்றாள் அக்கா.

"எவ்வளவு நேரமா?"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. பதினோரு நாள், ஐந்து நாடு, அந்த மனுஷன் என் அக்காவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டீச்சர் வாசலில் நின்று அந்த மலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். மாமா மட்டும் நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் காதில் ஜன்னல் நிழல் விழுந்துகொண்டிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மொதல்லேருந்து சொல்றேன், கேளுங்க" என்று அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாரிஸுக்குப் போனாள். எட்டு அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இரு, இரு" என்றார் மாமா. "அந்த நாய் என்ன நிறம்?"