பாடமாகப் படுத்திருந்த மழைக்காலம்

முதலில் வந்தது வலது தோளில் ஒரு வலி. மாயாபந்தருக்குத் தெற்கே மரம் வெட்டும் முகாமில் கட்டை உருட்டுகிறவனுக்குத் தோள் வலிப்பதில் அதிசயம் என்ன? கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டேன். நோய் தோளில் இல்லை என்று தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்துக்கு நானே காரணம். விடாத காய்ச்சலோடு படுத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தூத்துக்குடி, கொழும்பு, விசாகப்பட்டினம் என்று சுற்றிவிட்டு, அறுபதுகளில் கப்பலேறி அந்தமான் வந்தேன். மலேரியா வந்தது. அங்கே யாருக்குத்தான் வரவில்லை? காய்ச்சல் முற்றியதும் முகாம் படகில் ஏற்றி, பக்கத்துக் குடியேற்ற ஊரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பத்துக் கட்டில், ஒரே டாக்டர்.

அவர் மதுரைப் பக்கத்துக்காரர். காலையில் வெளிநோயாளிகள். பிரசவம் பார்ப்பதும், பல் பிடுங்குவதும், காலில் ஏறிய மீன்முள்ளை எடுப்பதும் அவரேதான். அவர் படித்த கல்லூரியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், கப்பலுக்கு இரண்டு மூன்று மாணவர்களாக அனுப்பிவைப்பார். காலையெல்லாம் அவர்கள் டாக்டரின் பின்னால் நடப்பார்கள். பிற்பகலில் வார்டில் பாடம்.

பாடத்துக்கு அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். மலேரியாவால் என் மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில் இருக்கும் உறுப்பு) வீங்கி, கைவைத்தால் கல்லாகத் தட்டுப்பட்டது. டாக்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் தொட்டுப் பார்த்து முடித்ததும் நோயாளிதான் மார்க் போட வேண்டும்.

"கை சில்லுன்னு இருந்துச்சா? அமுக்கும்போது ஒன் மொகத்தைப் பாத்தாரா? பத்துக்கு எத்தனை, சொல்லுய்யா."

"மூணு போடலாம் டாக்டர். சப்பாத்திக்கு மாவு பிசையிற மாதிரி பிசையிறாரு."

அடுத்த கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த வங்காள விவசாயி ஹரிபதோ சிரிப்பார். "அரே மாஸ்டர்ஜி, ஆஜ் கித்னே ஃபெயில்?" என்பார். இன்று எத்தனை பேர் ஃபெயில் என்று கேட்கிறார். ஆறாம் வகுப்பில் நின்றவனை அந்தத் தீவில் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

தவறு அங்கேதான் தொடங்கியது. மார்க்குக்குப் பயந்த மாணவர்கள் முன்கூட்டியே என்னிடம் வந்து விசாரித்தார்கள். நானும் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தேன். "இடது பக்கம், விலாவுக்குக் கீழ நாலு விரல். மூச்சு இழுக்கும்போது எறங்கி வரும், அப்பப் புடிங்க." என் நோயின் கதை சொல்லச் சொல்லச் சீராகிவிட்டது. ஒட்டாததையெல்லாம் விட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் முகாமில் பத்து நாள் கண்ட சீதபேதி (சளியும் ரத்தமுமாகப் போகும் வயிற்றுப்போக்கு), தோள்வலி, மூச்சை இழுத்தால் வலது விலாவுக்குள் குத்துவது, எதுவும் அதில் இல்லை.

மாத்திரை முடிந்தும் மாலைக் காய்ச்சல் நிற்கவில்லை.

"வேற எங்கயாச்சும் வலிக்குதாய்யா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

பொய்தான். நான் மண்ணீரல் கேஸ். வேறு ஏதாவது ஆகிவிட்டால் பாடத்துக்கு வேறு ஆளைப் பிடிப்பார் என்று பயந்தேன். உடம்பு இளைத்தது. மீனைக் கண்டாலே குமட்டியது.

அடுத்த கப்பலில் வந்த மூவரில் விமலா என்று ஒரு பெண். என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. நேராக வந்து இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இடது பக்கம், விலாவுக்குக் கீழ..."

"அண்ணே, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படுங்க. நீங்களே எல்லாம் சொல்லிட்டா நான் எதுக்குக் கப்பல் ஏறி, நாலு நாள் வாந்தி எடுத்துக்கிட்டு வந்தேன்?"

வயிற்றைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு தொட்டாள். மண்ணீரலில் நிற்கவில்லை. வலது விலா எலும்புகளின் இடுக்குகளில் ஒற்றை விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஓரிடத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சார், இங்க ஒண்ணு இருக்கு."

டாக்டர் வந்து அதே இடத்தில் விரலை வைத்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தோளையும் சீதபேதியையும் சேர்த்துத்தான். அவர் திட்டவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பி, "தப்பு எனக்கும்தான். மொத நாள் பாத்ததோட விட்டுட்டேன். எழுதிக்கங்க," என்றார். அவர்கள் எழுதினார்கள்.

கல்லீரலில் சீழ்க்கட்டி. சீதபேதிக் கிருமி குடலிலிருந்து கல்லீரலுக்கு ஏறிக் குடைந்திருந்தது. கட்டியின் எரிச்சல்தான் தோளில் வலியாகத் தெரிந்ததாம். கட்டி நெஞ்சுக்குள் உடைந்தால் பிழைப்பது கஷ்டம். போர்ட் பிளேருக்கு அனுப்பலாம் என்றால் கடல் கொந்தளிப்பில் படகுகள் ஓடவில்லை.

"காத்திருந்தா உடையலாம். நான் இங்கயே ஊசி போட்டு உறிஞ்சுனா ரத்தக் கசிவு வரலாம். என்ன சொல்ற?"

"நீங்க எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க டாக்டர்?"

"தனியா, ஒருத்தருக்கு."

"அவரு?"

"கடை வச்சிருக்காரு. போன வாரங்கூட எனக்கு அழுகுன வெங்காயத்தக் குடுத்தாரு."

சரி என்றேன். விமலா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினாள். ஊசி விலா இடுக்கில் இருக்கும்போதே அவர் பாடம் நடத்தினார். எந்த இடம், ஏன் அந்த இடம், எங்கே நிறுத்த வேண்டும் என்றெல்லாம் சொன்னார். சிரிஞ்சில் நிறைந்தது சாக்லேட் நிறத்தில் கெட்டியாக இருந்தது. அந்தக் குரல் நடுங்காதவரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அதையே கேட்டிருந்தேன். எத்தனையோ டாக்டர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். இன்றும் நான் ஏங்குவது அந்தக் குரலுக்குத்தான்.

அடுத்து எமிட்டின் ஊசி (அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து, இதயத்தைத் தளர்த்தும்). எழுந்து உட்காரக்கூடத் தடை. ஓர் ஊரில் ஆறு மாதம் தங்காதவன், ஓட்டில் மழை விழுவதைக் கேட்டபடி மல்லாந்து கிடந்தேன். காய்ச்சல் விட்டது. பசி வந்தது. விமலாவின் கப்பல் போய், வேறு மூன்று பேர் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை விட்ட நாளன்று டாக்டர் கேட்டார். "போறதுக்கு முன்னால ஒரு தடவை படுக்குறியா? இவங்க இன்னும் யாரையும் தொட்டதில்ல."

சட்டையைக் கழற்றிப் படுத்தேன். கண்ணாடி போட்ட ஒரு பையன் கையை வைத்தான். அந்தக் கை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கை இடமும் வலமுமாகத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. சில நிமிடங்கள்தான் இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் பொறுத்திருந்ததில்லை. எனக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று அவன் வாயால் கேட்க, மூச்சை மெல்ல இழுத்துவிட்டபடி நானும் காத்திருந்தேன்.