சாட்டியில் விட்டுவந்த நாகதாளி

மாரிக்கு முன் சாட்டிக் கடற்கரையில் நாகதாளிக் கள்ளி வெட்டுகிறோம். ஒரு மடல் மிஞ்சினாலும் மழைக்கு மறுபடி பரவி, குளிக்க வருபவர்களின் காலில் முள் ஏற்றும்.

இன்று கடைசிப் பற்றையடியில், கூலிக்கு வந்த மேரியக்கா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை விடுங்கோ ஐயா."

"ஏலாதக்கா. நாளைக்கு ஒபிசிலையிருந்து பெரியவர் பார்க்க வாறார்."

"கீழை என்ரை பிள்ளை கிடக்குது. நாய் தோண்டாமல் நான்தான் மடல் ஊண்டினனான்."

"ஏன் இஞ்சை?"

"ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வைக்க முதல் செத்தது. கோயில் சேமக்காலையிலை புதைக்க இடம் தரேல்லை."

விட்டுவிட்டேன்.

அரச ஊழியருக்கான சிங்களச் சோதனை எழுத மறுத்ததால், பதவி உயர்வில்லாமல் பதினைந்து வருடமாக இந்த வெயிலில் நிற்கிறேன். நாளை பெரியவருக்கு விளக்கம் சிங்களத்தில்தான் கொடுக்கவேண்டும்.

பேரில்லாத பிள்ளைக்கு நாகதாளி காவல் என்று அதில் எப்படி எழுதுவது? சோதனை பாஸான நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.