தோளில் இருந்த தழும்பு

பாலமுனையில் பெண்கள் யாரும் மவுத்தானால், அடக்கும் முன் மையத்தைக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுவார்கள். அந்த வேலையைப் பழக்கியவர் என் உம்மா. முதல் நாளே சொல்லிவிட்டார்: "மையத்தில ஒரு குறையக் கண்டா, அத அங்கேயே உட்டுட்டு வா மகள். வெளிய கதைக்கப்படாது." எனக்கு நாக்கு நீளம் என்பது ஊருக்கே தெரியும். இந்த ஒன்றில் மட்டும் நான் தவறியதில்லை.

ஓமானில், சலாலாவில் ஆறு வருடம் வேலை செய்தேன். படுக்கையில் கிடந்த ஒரு வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கறியில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். நானும் முறைப்பேன். எங்கள் இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது.

அவருடைய தோளில் குழி விழுந்த ஒரு தழும்பு இருந்தது. பாறையில் விழுந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் குளிப்பாட்டும்போது என்னிடம் உண்மையைச் சொன்னார். கல்யாணமாகாத குமராக இருந்தபோது மலையில் இயக்கத்தில் இருந்தாராம். சுல்தானிடமிருந்து அந்த மலைநாடான தோபாரைப் பிரித்து ஏழைகளின் நாடாக்குவோம் என்று துவக்குத் தூக்கினார்களாம். எழுத்துப் படித்ததும் அங்கேதான். சுல்தானின் படை சுட்டதில் தோளில் பட்டது. இயக்கம் தோற்றது. கீழே இறங்கி, கல்யாணம் முடித்து, வாயை மூடிக்கொண்டார். மூத்த மகன் இப்போது அதே சுல்தான் படையில் அதிகாரி.

இயக்கம் என்றதுமே நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். யுத்த காலத்தில், இயக்கமும் படையும் மாறி மாறி நடமாடிய எங்கள் கரையில் பிழைத்தது வாயை மூடிய பிள்ளைதான்.

அவர் மவுத்தானபோது இளைய மகள் தண்ணீர் ஊற்ற, நான் குளிப்பாட்டினேன். தோளுக்கு வந்ததும் அவள் கை நின்றது. அவள் அரபில் கேட்டதை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"இது என்னெண்டு உம்மா ஒங்களுக்கிட்டச் சொன்னாவா?"

கதவுக்கு வெளியே மூத்த மகன் நின்றார். "பாறையில உழுந்ததாம்" என்றேன்.

மையத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த குசினிக்கு அவள் வந்தாள்.

"அது சூட்டுக் காயமெண்டு எனக்குத் தெரியும். ஒரு மாமி எப்பவோ சொன்னவ. உம்மா ஆருக்காவது வாய் தொறந்து சொன்னாவா, இல்லாட்டித் தனியச் சுமந்துக்கிட்டே போயிட்டாவா? அதுதான் எனக்குத் தெரிய வேணும்."

"மையத்தில இருக்கிற குறைய நாங்க சொல்றல்ல" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது குறையா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை வருடம் அந்தத் தோளுக்குச் சவர்க்காரம் போட்டிருப்பேன். அந்த மனுசி என்னை நம்பிச் சொன்னதை நானே குறை என்று மூடி மறைத்திருக்கிறேன்.

"ஓம், எனக்குச் சொன்னவ" என்றேன். "எல்லாத்தையும் சொன்னவ."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை, அப்போதுதான் அழுதாள்.