நோயாளியின் பெயர்

நெல்லியடியில் சைக்கிள் கடை மரவாங்கில் உட்கார்ந்தபடி என் டியூப்புக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மானிப்பாயிலிருந்து வந்த ஆசிரிய நண்பர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "திரேசா மிஸ் மோசம் போயிட்டா. நாளைக்குப் பின்னேரம் அடக்கம்." வீட்டுக்கு வந்து என் மனைவி சிவகாமியிடம் சொன்னேன். அவள் மிஸ்ஸை ஒரே ஒரு தடவைதான் கண்டவள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வாறன்" என்றாள்.

அரசாங்க விதிகளின் கீழ் நடந்த ஆசிரியர் மருத்துவ உதவித் திட்டத்துக்கு விண்ணப்பித்த உங்களில் எவரும் திரேசா மிஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். குருநகரில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவர். திட்டக் கந்தோரில் கிளாக்கர்; மூன்றாவது மேசை, காதின் மேல் ஒரு பென்சில். படிவத்தில் எங்கே பிழையோ அங்கே ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். விளக்கம் ஒரு சொல் இராது. காரணம் வேண்டுமென்றால் நேரே போகவேண்டும். போனால் விதியின் வரிக்குக் கீழே விரலை வைத்து இரண்டு தரம் வாசித்துக் காட்டுவார். பிறகு, "இப்ப நீங்கள் எழுதினதை வாசியுங்கோ" என்பார். அவரைத் திட்டாத ஆசிரியர் நம்மில் யார்? இன்றைக்காவது ஒத்துக்கொள்வோம்.

என் படிவமும் ஒரு தடவை திரும்பி வந்தது. சண்டை முற்றாமல், கொழும்புக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. எங்கள் ஊர் கரவெட்டியில் அதற்குக் காரணம் தேட யாரும் மினக்கெடுவதில்லை. மருமகளைப் பார்த்தால் போதும். என் தங்கையின் கல்யாணத்தில் ஆராத்தித் தட்டைத் தொட மூத்த மருமகளான சிவகாமியை அம்மா விடவில்லை. வேறொருத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிவகாமி குசினிக்குள் போய் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனோம். அவளில் ஒரு குறையும் இல்லை. குறை என்னில். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருந்தன. கொழும்பில் ஒப்பரேசன் செய்தால் சரிவரலாம் என்றார் டொக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவகாமி மெல்லச் சொன்னாள்: "மாமிக்கு இதைச் சொல்லாதேங்கோ. என்னைச் சொல்லட்டும், நான் தாங்குவன்." பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பிலே பிரம்பெடுத்துப் படிப்பித்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒப்பரேசனுக்கு முதலே திட்டத்தின் அனுமதி பெறவேண்டும். அது இல்லாமல் என்னால் கொழும்புக்கு வெளிக்கிட முடியாது. படிவம் பள்ளிக்கூட அதிபரின் கையால் போகும், பள்ளிக்கூடக் கிளாக்கரின் கையாலும் போகும். இரண்டு பேரும் ஊர்க்காரர். நான் என்ன செய்தேன் தெரியுமா? நோயாளியின் பெயர் என்ற இடத்தில் சிவகாமியின் பெயரை எழுதினேன். நோய் என்ற இடத்தில் குழந்தைப்பேறின்மை. டொக்டரின் கடிதத்தை உறையில் வைத்து ஒட்டி இணைத்தேன். அங்கத்தவரின் மனைவிக்கும் உதவி உண்டுதானே, கந்தோரில் உறையை உடைத்து யார் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு துணிவு. இரண்டு கிழமையில் படிவம் வந்தது. உறை உடைபட்டிருந்தது, அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

போனேன். பக்கத்து மேசைக்காரர் காது கொடுப்பதைக் கண்டு, மிஸ் என்னை அலுமாரிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல விதியை இரண்டு தரம் வாசித்தார். நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்குத்தான் திட்டம் உதவும். பிள்ளை இல்லாதிருப்பதை மட்டும் அது நோயென்று கொள்ளாது. ஆனால் உடம்பில் ஒரு நோய் இருந்து, அதைத் தீர்க்க ஒப்பரேசன் வேண்டுமென்றால், பிறகு பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு அனுமதி உண்டு. ஆக, சிவகாமியின் பெயரில் போனால் மறுத்துவிடுவார்கள். என் பெயரில் போனால் மறுக்க முடியாது.

"பிள்ளை இல்லாததுக்கு இதிலை இடமில்லை மாஸ்டர். நோய்க்கு இடமிருக்கு. நோய் ஆருக்கு?"

மனைவியின் பெயரிலேயே எப்படியாவது செய்ய வழியில்லையா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டத்துக்கு வெக்கமில்லை மாஸ்டர், உங்களுக்குத்தான் வெக்கம். உங்கடை மனிசி அதையும் சேர்த்துச் சுமக்கிறா."

பிறகு புதுப் படிவமொன்றை எடுத்து நீட்டினார். நான் அவருடைய பென்சிலுக்குக் கை நீட்டினேன். "பேனையாலை எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். அதிபரிடம் கையொப்பம் வாங்கிய அன்றே, ஊர் கதையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு முதல், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: குறை என்னில், சிவகாமியில் இல்லை. அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அவளுக்கு உது தெரியுமோ தம்பி?"

"ஓம். முதலிலையிருந்தே தெரியும்."

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. தங்கையின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தபோது, சபையெல்லாம் பார்த்திருக்க, குழந்தையைத் தூக்கிவந்து முதலில் சிவகாமியின் மடியில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அம்மாவின் வாயில் வரவில்லை. என் வாயிலும் அதுவரை வந்திருக்கவில்லை.

அனுமதி கிடைத்தது, ஒப்பரேசனும் நடந்தது, பிள்ளை வரவில்லை. நன்றி சொல்ல சிவகாமியையும் கூட்டிக்கொண்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கந்தோருக்குப் போனேன். மிஸ் பழத்தை எல்லா மேசைக்கும் பகிர்ந்து தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். பிள்ளை விஷயத்தைச் சொன்னபோது, "நான் சட்டத்தைத்தான் வாசிச்சனான், கடவுளை வாசிக்கேல்லை" என்றார். சிவகாமி சிரித்துவிட்டாள்.

அடக்கத்தன்று வல்லைவெளிக் காற்றுக்கு எதிராகச் சைக்கிளை உழக்கி, பின்னால் கரியரில் அவளை வைத்துக்கொண்டு மானிப்பாய் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. குருநகரை விட்டு வந்தபின் மிஸ் இருந்த சின்ன வீடு. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண், நெற்றியில் திருநீற்றோடு நின்ற சிவகாமியிடம், நீங்கள் இவவுக்கு என்ன முறை என்று கேட்டார்.

"முறை ஒண்டுமில்லை" என்றாள் சிவகாமி. "என்ரை மனிசன்ரை வாயைத் திறக்க வைச்சவ."

அங்கிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

மிஸ்ஸின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பழைய படிவம் மட்டும்தான். என் கையெழுத்தில் சிவகாமியின் பெயர், பக்கத்தில் மங்கிப்போன பென்சில் கேள்விக்குறி. ஷெல் விழுந்து ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போவதற்கென்று எல்லா வீட்டிலும்போல எங்கள் வீட்டிலும் ஒரு பை கட்டி வைத்திருக்கிறோம். அதற்குள், எங்கள் கல்யாண எழுத்துப் பத்திரத்தோடு சேர்த்து அந்தப் படிவமும் இருக்கிறது. அதை அங்கே வைத்தவள் சிவகாமி.