ஒன்பதாவது மணி

எங்கள் அமிர்தசாமி மாமாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. மேலே பல்லி விழுந்தால்கூடச் சிலுவை போட்டுக்கொள்வார். அவரை நம்பித்தான் எங்கள் அப்பா தோமினிக் பாறைச் சரிவில் கயிற்றில் தொங்கினார்.

ஐம்பத்தொன்பதில் ஓமலூருக்கு வடக்கே நெடுஞ்சாலைக்காகப் பாறை வெட்டினார்கள். வெடித்த பிறகு, பெயர்ந்தும் விழாமல் நிற்கும் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது அப்பாவின் வேலை. மேலே வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றைப் பிடிப்பவர் மாமா. பெண்டாட்டியின் தம்பிதான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பி கயிற்றை விடுவான்?

வெடிகளை எண்ணுவதும் மாமாவின் பொறுப்பு. வெடிமருந்து இடித்து நிரப்பிய குழிகள் எத்தனையோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால், எங்கோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது. கடப்பாரை பட்டால் ஆள் போய்விடுவான். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, மாமா மட்டும் ஜெபமாலையை எடுத்து வெடிக்கு ஒரு மணியாகத் தள்ளுவார்.

அன்று ஒன்பது குழிகள். வெடிகள் வரிசையாக வெடித்தன. நடுவில் ஒன்று வெகுநேரம் பிந்தியது. எல்லாம் அடங்கியபோது மாமாவின் விரல் ஒன்பதாவது மணியில் இருந்தது. "ஒம்பதுங்க" என்றார். மேஸ்திரி பெரியசாமி கையசைத்தார். அப்பா இறங்கினார்.

கயிறு பாதி இறங்கியபோதுதான் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. வெடி பிந்திய நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பயத்தில் மாதாவை நினைத்து, மணிக்கு ஒன்றாகச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லியிருந்தார். மந்திரம் முடிந்தால் மணியைத் தள்ளச் சின்ன வயதிலிருந்து பழகிய கை. தள்ளியதா? நினைவில்லை. கேட்டது எட்டா, ஒன்பதா?

சொன்னால் மேஸ்திரி துரத்திவிடுவார், ஊரே சிரிக்கும். கயிற்றைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. கீழே கடப்பாரை ஒரு தரம் 'டங்' என்றது.

"மச்சான், கடப்பாரைய எடுத்துருங்க. கல்லுல வெக்காதீங்க."

"ஏன் மாப்ள?"

"எண்ணிக்கை தப்பிப்போச்சுங்க. மேல வந்துருங்க."

நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். "எண்ணச் சொன்னா ஜெபமா பண்ணிட்டிருந்தே?" என்று மேஸ்திரி எகிறினார். மாமா அழுதார்.

வெடிக்காரர் வெள்ளியங்கிரி பக்கவாட்டில் மெல்ல ஏறிப்போய்ப் பார்த்தார். ஒரு குழி மருந்தோடு அப்படியே இருந்தது. திரி பாதியில் கருகி நின்றிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, கடப்பாரை பட்ட வெள்ளைத் தழும்பு.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மாமா எங்கள் அம்மாவிடம் வந்து நின்றார். அப்பா கேட்கவில்லை. "ரோசி, ஒன் தம்பி கைய உட்டா நான் வேற எவன் கையில தொங்கறது?" என்றார். மறுநாளிலிருந்து மாமா கூழாங்கற்களை டப்பாவில் போட்டு எண்ணினார்.

ஆனால் சாயங்கால ஜெபத்தில் ஒன்பதாவது மணி வந்ததும் மாமாவின் கை நின்றுவிடும். பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அப்பா சிரித்ததில்லை. மாமாவின் விரல் பத்தாவது மணிக்குப் போகும்வரை, தன் மணியைத் தள்ளாமல் காத்திருப்பார்.